கெண்டைக் குளத்தில் மீன்களின் துன்பத்தைக் குறைக்கும் முறை

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டைகளைக் கூட்டாக வளர்ப்பவர் குளத்தங்கரையில் நிற்க வேண்டிய முதன்மையான நேரம், தீவனம் இடும் காலைப் பொழுது அல்ல. விடிவதற்குச் சற்று முந்தைய நேரமே ஆகும். பகலில் ஒளிச்சேர்க்கையால் நீரில் பிராணவாயுவைச் சேர்க்கும் நுண்பாசிகள் இரவில் மீன்களைப் போலவே அதைச் சுவாசித்துத் தீர்ப்பதால், அதன் அளவு அந்நேரத்தில்தான் மிகவும் தாழ்ந்திருக்கும். மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அவை மூச்சுத் திணறுகின்றன என்று பொருள். அதைப் பசி என்று எண்ணித் தீவனம் இடுவது பெரும் பிழை. உடனே, நீரில் காற்றைக் கலக்கும் கருவியான ஏரேட்டரை இயக்குங்கள். அது இல்லையெனில், குளத்து நீரையே மோட்டாரால் இறைத்து, உயரத்திலிருந்து சிதறி விழச் செய்யுங்கள். பிராணவாயு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாதிருப்பது நல்லது. வானம் மூடிக் கிடக்கும் நாட்களில் பாசி போதிய அளவு உற்பத்தி செய்யாது என்பதால், திணறலுக்குக் காத்திராமல் நள்ளிரவிலேயே ஏரேட்டரைப் போட்டுவிட வேண்டும்.

ஏரேட்டர் இல்லாத குளத்தில் ஹெக்டேருக்கு 5,000 குஞ்சுகளுக்கு மேல் விடாதிருப்பதே என் பரிந்துரை. தீவனத்தைத் துளையிட்ட பைகளில் கட்டித் தொங்கவிட்டால், தின்னாமல் மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியும். அந்த மிச்சமே அழுகி அம்மோனியாவாகிறது. மீன் சோர்ந்தவுடன் சுண்ணாம்பைக் கொட்டும் வழக்கம் பலரிடம் உண்டு. நீரில் அம்மோனியா மிகுந்திருக்கையில் சுண்ணாம்பு காரத்தன்மையை உயர்த்தி, அம்மோனியாவின் நஞ்சை மேலும் கடுமையாக்கும்; ஆகவே நீரைச் சோதிக்காமல் இடாதீர்கள்.

அறுவடைக்கு முந்தைய நாள் தீவனத்தை நிறுத்துங்கள். மீனின் வழவழப்பான மேற்பூச்சு நோயைத் தடுக்கும் கவசம் என்பதால், முடிச்சில்லா வலையையும் நனைந்த கைகளையுமே பயன்படுத்துங்கள்.

கரையில் போட்டுத் துடிக்க விடுவதும், உயிரோடு பனிக்கட்டியில் புதைப்பதும் மீனுக்கு நெடுநேர வேதனையைத் தருவன. உலக விலங்கு சுகாதார அமைப்பின் (WOAH) நெறிமுறையும் இவ்விரண்டையும் மீன் நலத்துக்குக் கேடானவை என்றே கூறுகிறது. எடுத்தவுடன் கண்களுக்குச் சற்றுப் பின்னே, தலையின் மேற்பகுதியில், கனமான மரக்கட்டையால் ஒரே அடியாக வலுவாக அடித்து உணர்விழக்கச் செய்து, உடனே செவுள்களை அறுத்து இரத்தத்தை வடிய விடுங்கள். அடித்த பின்னும் செவுள் மூடி சீராக அசைந்தால் மீனுக்கு உணர்வு இருக்கிறது. அறுப்பதற்கு முன் மீண்டும் ஒருமுறை அடிக்க வேண்டும்.