மோலி ஆஃப் டெனாலிய பிள்ளைங்களோட எப்படிப் பாக்கலாம்

அமெரிக்கால பிபிஎஸ் கிட்ஸ்ங்கற பிள்ளைங்க சேனல்ல 2019 ஜூலைலேந்து வர்ற கார்ட்டூன் இது. அங்க நாடு முழுக்க ஒளிபரப்பாகற குழந்தைங்க தொடர்ல ஒரு பூர்வகுடிப் பொண்ணு முக்கிய கேரக்டரா வந்தது இதுலதான் முதல் தடவை. மோலிக்கு 10 வயசு, அலாஸ்கால இருக்கற அத்தபாஸ்கன்ங்கற பூர்வகுடிக் குடும்பம், அம்மா குட்டி விமானம் ஓட்டுறாங்க, வீட்டுல கடையும் இருக்கு. டிவிய போட்டுவிட்டுட்டு சமைக்கப் போயிடாதீங்க, கூட உக்காருங்க, அப்பதான் இதுல பாதி விஷயம் பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

முதல்ல கிராண்ட்பாஸ் ட்ரம் எபிசோட போடுங்க. பழைய போட்டோல தாத்தா சின்னப் பையனா மேளத்தோட பாடிட்டு இருப்பாரு, இப்ப ஏன் பாடறதில்லன்னு மோலி தேட ஆரம்பிப்பா, அவர போர்டிங் ஸ்கூலுக்கு அனுப்பினப்ப மேளத்த யாருக்கோ குடுத்துட்டாருன்னு அப்புறம் தெரியவரும். இங்க பாஸ் பண்ணிடுங்க. பிள்ளை கண்டிப்பா ஏன்னு கேக்கும். அஞ்சு வயசுக்கு, "அந்த ஸ்கூல்ல பூர்வகுடிப் பிள்ளைங்க அவங்க பாஷையப் பேசக்கூடாது, அவங்க பாட்டப் பாடக்கூடாதுன்னு வச்சிருந்தாங்க, அது ரொம்ப தப்பு"ன்னு சொன்னா போதும், ஆனா அத சொல்லாம மட்டும் தாண்டிப் போகாதீங்க, அந்தக் கதையோட உயிரே அதுலதான் இருக்கு.

ரெண்டு கதைக்கு நடுவுல நிஜ அலாஸ்கா பிள்ளைங்க வர்ற சின்ன வீடியோ ஒண்ணு வரும், நிறைய பேர் அத ஓட்டி விட்டுடறாங்க. ப்ளீஸ் அத விடாதீங்க. இவங்க ஏதோ பழங்காலத்து ஜனம் இல்ல, இன்னைக்கும் ஸ்கூல் போயிட்டு போன் வச்சிக்கிட்டு மீன் பிடிச்சிக்கிட்டு இருக்கறவங்கன்னு பிள்ளைக்குப் புரியறது அங்கதான். இறகு வச்ச தொப்பி செய்யற கிராஃப்ட்டும் வேணாம், அது இந்த மக்களோடது இல்லவே இல்ல. மோலியோட பிரண்ட் டூயி, யூபிக்ங்கற இன்னொரு பூர்வகுடியும் ஜப்பானும் கலந்த பையன், அலாஸ்காக்குள்ளயே பல ஜனங்க இருக்காங்கன்னு அவன வச்சே சொல்லிடலாம்.

பாத்து முடிச்சதும் ஒரு வேலை குடுங்க. மேப், ரெசிபி, லிஸ்ட், கையேடு இதெல்லாம் படிச்சு விஷயம் கண்டுபிடிக்கறதுதான் இந்தத் தொடர் சொல்லித்தர்ற பாடம். 'க்யா'ன்னு வர்ற மோலி ஊர் கற்பனை, மேப்ல கிடைக்காது, ஆனா ஃபேர்பேங்க்ஸ் நகரம், யூகான் ஆறு, டெனாலி மலை மூணையும் தேடச் சொல்லுங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு, மோலி பெரியவங்களக் கேட்டுக் கேட்டுதான் பாதி விஷயம் தெரிஞ்சுக்குவா, அதனால ஊர்ல இருக்கற பாட்டிக்கு போன் போட்டு ரசம் எப்படி வைக்கணும்னு பிள்ளையே கேட்டு ஒவ்வொரு ஸ்டெப்பா எழுதட்டும், எழுத்துப்பிழையத் திருத்தாதீங்க, அத வச்சே அன்னைக்கு ரசம் வைங்க. கார்ல போறப்ப ஸ்க்ரீன் வேணாம்னா இதுக்கு பாட்காஸ்ட்டும் இருக்கு.