உறைந்த மினி டெசர்ட் சாம்பிள்: ருசி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோட்டலோ கேட்டரிங் கிச்சனோ, உறைந்த மினி டெசர்ட்டுகளை மொத்தமாக வாங்குவதற்கு முன் சப்ளையரிடமிருந்து ஒரு சாம்பிள் பெட்டி வரும். பெரும்பாலான இடங்களில் அதைத் திறந்து, ஆளுக்கு ஒன்று வாயில் போட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, நின்ற இடத்திலேயே ஆர்டரை முடித்துவிடுகிறார்கள். அவர்கள் ருசி பார்த்தது ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பொருளை. விருந்தினர் சாப்பிடப்போவதோ, ஃப்ரீசரை விட்டு வந்து பல மணி நேரம், சில சமயம் ஒரு முழு நாள் ஆன பொருளை. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கவனிக்காமல் விடுவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர்.

முதலில், பாதி உறைந்த நிலையில் ருசி பார்ப்பது. நாக்கு குளிர்ந்திருக்கும்போது இனிப்பு குறைவாகத் தெரியும், வாசனையும் சரியாக எழும்பாது. உருகிப்போன ஐஸ்கிரீமைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: அதே சர்க்கரைதான், ஆனால் திகட்டும். அதனால் நடுவில் இன்னும் பனி இருக்கும் மூஸை (நுரைபோல அடித்துச் செய்த மென்மையான க்ரீம் இனிப்பு) சாப்பிட்டுவிட்டு "இனிப்பு அளவா இருக்கு" என்று பாராட்டினால், அதே மூஸ் பரிமாறும் நேரத்தில் தித்திப்பில் முகத்தில் அடிக்கும். வெனிலாவுக்குப் பதிலாக மலிவான எசென்ஸ் போட்டிருந்தாலும் அந்தக் குளிரில் பிடிபடாது. வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தெர்மாமீட்டரின் ஊசியை நடுவில் குத்திப் பாருங்கள். மூஸ், சீஸ்கேக் வகைகளை ஃப்ரிட்ஜின் குளிரிலேயே சாப்பிடலாம். மக்கரோன் (இரண்டு பாதாம் மாவு ஓடுகளுக்கு நடுவே க்ரீம் வைத்தது) மட்டும் ஃப்ரிட்ஜில் முழுதாக இளகிய பிறகு சிறிது நேரம் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன் கடித்தால் உள்ளே இருக்கும் க்ரீம் வெண்ணெய்க் கட்டி போலத்தான் இருக்கும்.

அவசரம் என்று மேடை மேலேயே இளக விடுவது அடுத்த தவறு. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருந்த பொருளை ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, 0 முதல் 4 டிகிரிக்குள், பெட்டியை மூடியபடியே இளக விட வேண்டும். மூடி வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குளிர்ந்த பரப்பு எதுவோ அதன் மேல் காற்றில் உள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியும். பெட்டி மூடியிருந்தால் அந்தத் துளிகள் அட்டையின் மேல் படியும். திறந்திருந்தால் டெசர்ட்டின் மேல். மக்கரோன் ஓடு பிசுபிசுப்பதும், மேலே தூவிய கோகோ பவுடர் கரைந்து கறை போல் ஆவதும், பளபளக்கும் மேல்பூச்சான கிளேஸில் துளித்துளியாக நிற்பதும் இதனால்தான். இப்படிக் கெட்டுப்போனதைப் பார்த்துவிட்டு, "சரக்கு சரியில்லை" என்று நல்ல சப்ளையரைத் திருப்பி அனுப்புவது நடக்கிறது.

பாதுகாப்பும் இதில் சேர்ந்திருக்கிறது. உறைய வைப்பது பெரும்பாலான கிருமிகளைக் கொல்வதில்லை, அவற்றின் வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். க்ரீமும் முட்டையும் உள்ள பண்டம் வெதுவெதுப்பாக ஆனதும் அவை மறுபடி பெருகும். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரக்கூடியது. இளகிய பின் எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்று பெட்டியில் போட்டிருப்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மிஞ்சிய சாம்பிளைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்து, அடுத்த வாரம் மேலதிகாரிக்குக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். பாதுகாப்பும் இல்லை, ருசியும் பழைய ருசி இல்லை.

சரி, ஒழுங்காக இளகிவிட்டது. இங்கேதான் முக்கியமான தவறு வருகிறது: இளகியவுடன் ஒரே ஒருமுறை ருசி பார்த்து முடித்துவிடுவது. மினி டெசர்ட் பெரும்பாலும் பஃபேயில் நிற்கப் போகும் பொருள். அது எப்படி நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஒரே ட்ரேயிலிருந்து ஒன்றை உடனே சாப்பிடுங்கள். இன்னொன்றை, உங்கள் கிச்சன் எவ்வளவு நேரம் பரிமாறும் மேசையில் வைக்குமோ அவ்வளவு நேரம் அதே மாதிரி வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். மூன்றாவதை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் எடுங்கள்.

ஒரு மினி லெமன் டார்ட்டை (மொறுமொறு ஓட்டுக்குள் எலுமிச்சை ஃபில்லிங் வைத்தது) மறுநாள் நடுவில் வெட்டிப் பாருங்கள். ஃபில்லிங்கும் ஓடும் சேரும் இடத்தில் கொஞ்சம் கருத்த, ஈரமான கோடு தெரிகிறதா? தெரிந்தால் ஓடு நீரை இழுக்கத் தொடங்கிவிட்டது. நல்ல தயாரிப்பாளர் ஓட்டின் உட்புறம் சாக்லேட்டோ கோகோ பட்டரோ மெல்லியதாகப் பூசி இதைத் தள்ளிப்போடுவார். கஸ்டர்ட் வைத்ததாக இருந்தால் அடியில் உள்ள காகிதக் கப்பைப் பாருங்கள். சாதாரண சோள மாவு போட்டுக் கெட்டியாக்கிய கஸ்டர்ட், உறைந்து இளகும்போது தண்ணீர் விடும். உறைந்து இளகுவதைத் தாங்கும்படி மாற்றிய ஸ்டார்ச்சைப் போட்டிருந்தால் இந்தத் தொல்லை குறைவு. எக்லேரின் (க்ரீம் அடைத்த நீளமான பேஸ்ட்ரி) ஓடு எப்படியும் மென்மையாகும், அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. ரப்பர் போல இழுபட்டால்தான் குறை. ஸ்பான்ஜ் கேக் உலர்வது மட்டுமல்ல, ஃப்ரிட்ஜ் குளிரில் அதிலுள்ள ஸ்டார்ச் சீக்கிரமே இறுகும். மறுநாள் துண்டு முதல் நாளைவிடக் கெட்டியாக இருப்பது அதனால்தான். அளவு சிறிது என்பதால் பெரிய கேக்கைவிட மினிக்கு இவை எல்லாமே வேகமாக நடக்கும். எடைக்கு எடை பார்த்தால் காற்றுபடும் பரப்பு அதிகம்.

ஸ்பூன் முனையால் ஒரு துளி எடுத்து நக்கிப் பார்ப்பதையும் பல கிச்சன்களில் காணலாம். மினியின் கணக்கே ஒரு வாய்க் கணக்கு. கோட்டிங், ஃபில்லிங், அடிப்பாகம் எல்லாம் ஒரே கடியில் சேர வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். முழுதாக வாயில் போடுங்கள். குறுக்கு வெட்டைப் பார்க்க வேறொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விழுங்கிய பிறகும் கொஞ்சம் பொறுத்துக் கவனியுங்கள். கோகோ பட்டர் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகி, வாயில் சுத்தமாகக் கரைந்துவிடும். அதற்குப் பதிலாக வேறு கொழுப்பு போட்ட கோட்டிங்குகளில் சில, மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டி நிற்கும். முதல் கடியில் தெரியாத இந்த ஒட்டல், மூன்றாவது துண்டை விருந்தினர் கையில் எடுக்காமல் செய்துவிடும்.

வரிசையும் பார்க்க வேண்டும். பழ வகை, வெனிலா, நட்ஸ், காரமெல், கடைசியாக டார்க் சாக்லேட், காபி என்று லேசானதிலிருந்து கனமானதுக்குப் போங்கள். இடையில் சாதாரணத் தண்ணீர் போதும். ஐஸ் தண்ணீர் வேண்டாம். அப்புறம், ஹெட் செஃப் முதலில் வாயைத் திறக்கக்கூடாது. அவர் "பிரமாதம்" என்று சொன்ன பிறகு யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். அவரவர் தனியாக எழுதிவிட்டுப் பேசட்டும். இரண்டு சப்ளையர்களை ஒப்பிடும்போது மூன்று தட்டு வைத்து, இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் மற்றது என்று கொடுத்து, மாறுபட்டதைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். வெறும் யூகத்திலேயே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார், அதனால் ஓரிருவர் பதிலை வைத்து முடிவெடுக்காதீர்கள். சரியான பதில்கள் யூகத்தில் வரும் அளவைத் தாண்டவில்லை என்றால் விலை குறைந்ததை வாங்குவதில் தப்பே இல்லை.

கடைசியாக, சாம்பிளையே சரக்கு என்று நம்புவது. விற்பனைப் பிரதிநிதி ஐஸ் பெட்டியில் கையோடு கொண்டுவரும் பத்துத் துண்டுகள் பட்ட பாடு வேறு. வண்டியில் ஏறி, இறங்கி, நாளெல்லாம் திறந்து மூடும் உங்கள் ஃப்ரீசரில் கிடக்கும் பெட்டி படும் பாடு வேறு. குளிர் ஏறி இறங்கும்போதெல்லாம் சின்னச் சின்னப் பனிப் படிகங்கள் சேர்ந்து பெரிதாகும். மூஸ் நறநறவென்று ஆவது இப்படித்தான். பெட்டிக்குள் உதிரிப் பனி கிடந்தால் வழியில் எங்கோ குளிர் விட்டுப்போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம். முடிந்தால் வழக்கமான டெலிவரியில் வரும் ஒரு முழு பெட்டியைக் கேட்டு வாங்கி, உங்கள் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்துவிட்டு ருசி பாருங்கள். மீனும் வெங்காயமும் இருக்கும் ஃப்ரீசர் என்றால் க்ரீமில் அந்த வாடை ஏறியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். சாம்பிளின் பேட்ச் நம்பரையும் எழுதிய குறிப்புகளையும் ஃபைலில் வையுங்கள். முதல் டெலிவரி வந்ததும் அதே முறையில் இளக விட்டு, அதே ஆட்களிடம் கொடுத்து, பழைய குறிப்போடு ஒத்துப் பாருங்கள்; மாறியிருந்தால் அடுத்த ஆர்டருக்கு முன்பே சப்ளையரிடம் பேச உங்களிடம் ஆதாரம் இருக்கும்.