இருட்டில் வால்ஐ: ஈரி ஏரியில் முதல் இரவுக்கு ஒரு செய்முறை

கிளீவ்லாந்து என்றதும் நம்மவர்களுக்குத் தியாகராஜ ஆராதனைதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள அதே ஊரின் வடக்கு விளிம்பில், நவம்பர் மாதம் பொழுது சாய்ந்த பிறகு ஈரி ஏரிக்கரையில் நின்று பாருங்கள். தண்ணீர்மேல் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் ஊர்ந்துகொண்டிருக்கும். கரையில் நடந்து போகிறவர் அவற்றை எளிதாக முந்திவிடலாம். அந்தப் படகுகள் ஒவ்வொன்றும் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போகிறது. இதற்குத்தான் ட்ரோலிங் என்று பெயர்.

தேடுவது வால்ஐ மீனை. பெயரைக் கேட்டு நம்மூர் வாளை என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டுக்கும் உறவு கிடையாது. இது நன்னீர் மீன். பொன்னிறம் கலந்த பழுப்பு உடல், முதுகில் முள்துடுப்பு, வாய் நிறையப் பல். கண்தான் இதன் விசேஷம். பூனைக்கு இருப்பதுபோல விழியின் பின்புறம் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. நெற்றி விளக்கின் வெளிச்சம் பட்டால் வெள்ளிக்காசு போல மின்னும். மற்ற மீன்கள் தடுமாறும் இருட்டில் இதற்கு நன்றாகக் கண் தெரிகிறது. இரவில் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் பருவம். தண்ணீர் குளிரத் தொடங்கியதும் ஏரியின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் கோடையைக் கழித்த மீன்களில் பெரும்பகுதி மேற்கு நோக்கி நகர்கிறது. மார்ச், ஏப்ரலில் மேற்குப் பகுதியின் பாறைத்திட்டுகளிலும் மாமீ, சான்டஸ்கி ஆறுகளிலும் முட்டையிட வேண்டும். அதற்குமுன் உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும். அதன் இரையான ஷாட், ஷைனர் போன்ற சிறுமீன்கள் அப்போது துறைமுகங்களை ஒட்டிக் கூட்டம் போடும். இரவானதும் வால்ஐயும் அவற்றைத் தேடிக் கரைப்பக்கம் வந்துவிடும். ஒஹாயோ மாநிலத்தின் சாதனை வால்ஐ, 16.19 பவுண்டு எடை, 1999-இல் இந்த ஏரியில் பிடிபட்டது. அது பிடிபட்ட மாதமும் நவம்பர்தான்.

பகலில் சிறு படகை ஓட்டத் தெரிந்த, இரவில் ஒருமுறையும் போகாத ஒருவருக்காக இதை எழுதுகிறேன். படகே ஓட்டத் தெரியாதவர் முதல் இரவில் கற்றுக்கொள்ள வேண்டாம். கட்டணப் படகில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

1. காற்றைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்

மீனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வட அமெரிக்காவின் பேரேரிகள் ஐந்தில் ஈரிதான் ஆழம் குறைந்தது. மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் 24 அடி, நடுப்பகுதியில் 60 அடி. ஆழமில்லாத தண்ணீரில் அலை நீளமாக எழாது. செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். கடலில் ஆறடி அலையைத் தாங்கிய அனுபவம் இருந்தாலும் இங்கே நாலடி அலையிடம் வீரம் காட்டாதீர்கள்.

ஒஹாயோ கரை ஏரியின் தெற்கே இருக்கிறது. ஆகவே தென்காற்று மிதமாக வீசினால் கரையோரத் தண்ணீர் பெரும்பாலும் தணிந்திருக்கும். வாடை வீசினால் ஏரியின் அகலம் முழுவதும் ஓடிவந்த அலை உங்கள்மேல் விழும். முன்னறிவிப்பில் வாடை என்று இருந்தால் படகை வீட்டிலிருந்து கிளப்பவே கிளப்பாதீர்கள். தென்மேற்கிலிருந்து பலத்த காற்று அடித்தால் இன்னொரு விந்தை நடக்கும்: ஏரி முழுவதும் கிழக்கு முனையிலுள்ள பஃபலோ பக்கம் சாய்ந்து, மேற்கு முனையிலுள்ள டொலீடோ பக்கம் தண்ணீர் பல அடி இறங்கிவிடும். காலையில் படகு இறக்கிய துறையில் மாலையில் சேறுதான் தெரியும்.

தண்ணீரின் வெப்பநிலை 55 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கியதும் பருவம் தொடங்கியது என்று கொள்ளலாம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம்வரை நல்ல காலம். பௌர்ணமியை ஒட்டிய நாட்களுக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. எனக்கும் நிலவு பிடிக்கும். ஆனால் அது மீனுக்காக இல்லை, முடிச்சுப் போடும்போது விரல் தெரிகிறது என்பதற்காக.

2. உரிமமும் உயிரும்

16 வயது நிறைந்தவர்களுக்கு ஒஹாயோவில் மீன்பிடி உரிமம் வேண்டும். 1982 ஜனவரி 1 அன்றோ பிறகோ பிறந்தவர்கள் 10 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட படகை ஓட்டப் படகுப் பயிற்சிச் சான்றும் வைத்திருக்க வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆறு வால்ஐ, ஒவ்வொன்றும் 15 அங்குலத்துக்குக் குறையாமல். இந்த அளவுகளை மீன்வளத்தைப் பொறுத்து மாற்றுவார்கள் என்பதால், கிளம்பும் முன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே போட்டுக்கொண்டு, திரும்பிக் கரையேறும்வரை கழற்றாதீர்கள். குளிர்நீரில் விழுந்தவருக்கு ‘1-10-1’ என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம். குளிரில் நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய 1 மணி நேரம். விழுந்த பிறகு அங்கியை மாட்டிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர் அந்தப் பத்து நிமிடத்தில் விரல் எப்படி மரத்துப்போகும் என்று தெரியாதவர். நீங்கள் விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் கயிற்றையும் உடம்பில் கோத்துக்கொள்ளுங்கள். எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

3. வெளிச்சம் இருக்கும்போதே வேலையை முடியுங்கள்

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே படகு தண்ணீரில் இருக்க வேண்டும். ஹ்யூரான், வெர்மிலியன், லொரைன், கிளீவ்லாந்து ஆகிய நான்குமே தொடங்குவதற்கு ஏற்ற துறைமுகங்கள். அலைதடுப்புச் சுவர் எங்கே முடிகிறது, மற்றவர்களின் படகுகள் எந்தத் திசையில் போகின்றன என்பதைப் பகலிலேயே கண்ணால் பார்த்து, வழியை ஜிபிஎஸ் கருவியில் பதிந்துகொள்ளுங்கள். திரும்பும்போது அந்தச் சுவர் கண்ணுக்குத் தெரியாது.

ஒலியால் தண்ணீருக்கடியில் இருப்பதைக் காட்டும் சோனார் கருவியில் 15 முதல் 35 அடி வரையான ஆழங்களைச் சுற்றிப்பாருங்கள். சிறுமீன் கூட்டம் மேகம் போலத் தெரியும். அந்த மேகம் இருக்கும் இடத்தைக் குறித்துவைத்தால் பாதி வேலை முடிந்தது. வால்ஐ தனியாகத் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். இரவில் அது மேலே வந்துவிடும். படகு நெருங்கும்போது விலகிப்போகும் மீனைச் சோனார் காட்டாது.

படகின் தரையைக் காலியாக்குங்கள். வலை, குறடு, கத்தி, நெற்றி விளக்கு ஆகிய நான்கும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் இடத்தில் இருக்கட்டும்.

4. இரண்டே தூண்டில்

முதல் இரவு நான் நான்கு தூண்டில் கோல்களைப் போட்டேன். பக்கத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பிளேனர் பலகை. இந்தப் பலகையைத் தூண்டில் நரம்பில் மாட்டிவிட்டால் அது தண்ணீரை வெட்டிக்கொண்டு படகைவிட்டுப் பக்கவாட்டில் விலகி ஓடும். போலி இரை படகின் இரைச்சலுக்கு அப்பால் போகும். பகலில் அருமையான கருவி. அன்றிரவு ஒரு திருப்பத்தில் சுக்கானைக் கொஞ்சம் கூடுதலாக ஒடித்துவிட்டேன். நான்கு நரம்பும் ஒரே பின்னலாகி வந்தது. ஒரு மணி நேரம் நெற்றி விளக்கும் கத்தியுமாக உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் மற்றவர்களின் படகில் மீன் துள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரே கோலை வெளியே விட்டேன். அதில்தான் அந்த இரவின் ஒரே மீன் வந்தது.

ஆகவே பக்கத்துக்கு ஒரு கோல் போதும். கோல் எட்டடிக்கு மேல் இருக்கட்டும். வெளியே போன நரம்பின் நீளத்தை எண்ணிச் சொல்லும் ரீல் கட்டாயம். அது இல்லாமல் இருட்டில் எதையும் திரும்பச் செய்ய முடியாது. 10 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு போதும். முனையில் சிறு கிளிப் வைத்துக்கொண்டால் இரையை மாற்ற முடிச்சுப் போட வேண்டியதில்லை. பலகை வைப்பதாக இருந்தால் அதன் கொடியில் ஒளிரும் குச்சி ஒன்றைக் கட்டுங்கள்.

இரைக்கு, ஐந்தாறு அங்குல நீளமுள்ள ஒல்லியான போலி மீன்களைத் தேடுங்கள். ரப்பாலா ஹஸ்கி ஜெர்க், ஸ்மித்விக் பெர்ஃபெக்ட் 10, பேண்டிட் வால்ஐ டீப், ரீஃப் ரன்னர் ஆகியவை இந்த ஏரியில் எல்லோரும் வைத்திருப்பவை. வாய்க்கு முன்னால் இருக்கும் தகட்டைப் பாருங்கள். தகடு சிறிதென்றால் மேலாகவே நீந்தும். பெரிதென்றால் ஆழம் போகும். நிறத்தைப் பற்றி ஆளுக்கொரு வேதம் சொல்வார்கள். ஊதா ஒன்று, வெள்ளி ஒன்று வாங்குங்கள்; மிச்சப் பணத்தில் நல்ல கையுறை வாங்குங்கள்.

5. எவ்வளவு நரம்பு விடுவது

பகலில் மீன் பிடித்தவர்கள் தவறு செய்யும் இடம் இதுதான். ஆழத்தில்தான் பெரிய மீன் இருக்கும் என்று இரையை அடிமட்டத்துக்கு அனுப்புவார்கள். வால்ஐ மேல்நோக்கிப் பார்த்து வேட்டையாடும் மீன். தலைக்குமேல் போகும் இரையைத் துரத்தி மேலே வரும். வயிற்றுக்குக் கீழே போவதைக் கண்டுகொள்ளாது. இரவில் 25 அடித் தண்ணீரிலும் எட்டடி ஆழத்தில் வந்து கவ்வும்.

படகு நகர்ந்துகொண்டிருக்கும்போதே இரையைப் பக்கத்தில் தொங்கவிட்டு, அது நேராக நீந்துகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மூக்கு வளையத்தைக் குறடால் எதிர்ப்பக்கம் மயிரிழை அளவு வளைக்க வேண்டும். பிறகு ஒரு கோலில் 50 அடி, மற்றதில் 90 அடி விடுங்கள். கால் மணி நேரத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் 50-ஐ 70 ஆக்குங்கள். எதில் மீன் விழுகிறதோ அந்த எண்ணுக்கு மற்ற கோலையும் கொண்டுவாருங்கள். அந்த எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்ளும் ஆட்களும் உண்டு. மீன் வந்த பரபரப்பில் அது நிச்சயம் மறந்துபோகும்.

6. வேகம்

ஜிபிஎஸ் வேகம் மணிக்கு 1 முதல் 1.5 மைல் வரை. தண்ணீர் குளிரக் குளிர இன்னும் மெதுவாக. மீனின் உடம்பு குளிரில் மந்தப்பட்டிருக்கும். ஓடும் இரையைத் துரத்தி வலுவைச் செலவழிக்க அதற்கு மனம் வராது. பெரிய மோட்டார் இவ்வளவு மெதுவாக ஓட மறுத்தால் சிறு மோட்டாரைப் பயன்படுத்துங்கள். அல்லது படகின் பக்கத்தில் ஒரு வாளியைக் கட்டித் தண்ணீரில் இழுபட விடுங்கள்.

நேர்கோட்டில் போகாமல், பாம்பு போல மெல்ல நெளிந்து போங்கள். இடப்பக்கம் வளையும்போது இடப்பக்கத் தூண்டில் தளர்ந்து, இரை கிட்டத்தட்ட நின்றுவிடும். வலப்பக்கத்து இரை வேகமெடுக்கும். மீன் எந்தப் பக்கம் விழுகிறது என்பதே பதில். உள்பக்கத்தில் விழுந்தால் வேகத்தைக் குறையுங்கள். வெளிப்பக்கத்தில் விழுந்தால் கூட்டுங்கள்.

பிறகு கோலின் நுனி. இரை சரியாக நீந்தும்போது நுனி விடாமல் துடித்துக்கொண்டிருக்கும், மணிக்கட்டில் நாடி பார்ப்பதுபோல. இருட்டில் கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரலை நரம்பின்மேல் வையுங்கள். துடிப்பு நின்றால் முள்ளில் ஏதோ சிக்கியிருக்கிறது. நவம்பரில் அது பெரும்பாலும் மேப்பிள் இலையாகத்தான் இருக்கும். ஓர் இலை ஒட்டிய இரையை இரவெல்லாம் இழுத்தாலும் மீன் தொடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப்பாருங்கள்.

7. மீன் விழுந்ததும்

பலகையில் கட்டிய விளக்கு மெல்லப் பின்வாங்கும். பலகை இல்லையென்றால் கோல் நிதானமாக வளைந்து அப்படியே நிற்கும். குளிர்காலத்து வால்ஐ வெட்டி இழுக்காது, ஈரச்சாக்கைப்போலக் கனக்கும். கோலை வெடுக்கென்று இழுக்காதீர்கள். படகு நகர்ந்தபடியே இருக்கட்டும். நரம்பு தளராமல் ஒரே சீராகச் சுற்றுங்கள். படகை நிறுத்தினால் நரம்பு தொய்யும், முள் கழன்றுவிடும், மற்ற தூண்டிலும் தளர்ந்துபோகும்.

படகருகே வந்ததும் அதன் கண் முதலில் மின்னும். வலையை முன்கூட்டியே தண்ணீரில் வைத்து, மீனை அதற்குமேல் கொண்டுவந்து தலைப்பக்கமாக அள்ளுங்கள். ரப்பர் பூசிய வலையே நல்லது. நூல் வலையில் மும்முனை முட்கள் கொத்தாக மாட்டினால் அவிழ்ப்பதற்குள் பொழுது விடியும். முள்ளைக் குறடால் எடுங்கள். வாய்க்குள் விரலை விடாதீர்கள். செவுள் ஓரமும் கத்திபோல வெட்டும்.

28 அங்குலத்தை எட்டினால் ஒஹாயோ மாநிலம் ‘ஃபிஷ் ஒஹாயோ’ என்ற சான்று தருகிறது. அந்த அளவுள்ளவை பெரும்பாலும் சினை தாங்கிய பெண்மீன்கள். அளந்து, படமெடுத்துவிட்டு நான் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். எடையைப் பற்றிப் பெருமை பேசுவதானால் கொஞ்சம் அடக்கிப் பேசுங்கள்: 2022 செப்டம்பரில் கிளீவ்லாந்தில் நடந்த வால்ஐப் போட்டியில் மீனின் வயிற்றிலிருந்து ஈயக்குண்டுகள் வந்து விழுந்தன. ஏமாற்றிய இருவரும் சிறைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் யார் எடையைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு எழும்.

சமையலுக்கு 18 அங்குல மீன்தான் ருசி. சதை வெண்மையாக, மெல்லிதாக இருக்கும். புளிக்குழம்பில் போட்டுக் கரண்டி விட்டால் உதிர்ந்துவிடும். மிளகும் மஞ்சளும் தடவித் தோசைக்கல்லில் வறுத்துவிடுங்கள்.

8. கரையேறிய பிறகு

கோலின் வளையங்களில் பனி கட்டியிருந்தால் உடைக்க முயலாதீர்கள். நுனியைத் தண்ணீரில் முக்கினால் கரைந்துவிடும். படகை மேலேற்றியதும் அடித்தக்கையைப் பிடுங்கி உள்ளிருக்கும் தண்ணீரை வடியவிடுங்கள். மோட்டாரை நிமிர்ந்த நிலைக்கு இறக்கி, அதற்குள் தங்கிய தண்ணீர் சொட்டி முடியும்வரை நின்று பாருங்கள். சாய்த்தபடி இழுத்துப்போனால் விடிவதற்குள் உள்ளே உறைந்து உலோகத்தை விரியவைத்துவிடும். சொட்டு நிற்க ஐந்து நிமிடமாகும். ஃபிளாஸ்கில் மிச்சமிருக்கும் காபிக்கு அந்த நேரம் சரியாக இருக்கும்.