யூலிமிட் மாற்றியும் சர்வீஸில் மாறவில்லையா? சிஸ்டம்டியில் லிமிட் வைக்கும் முறை

வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் லாகில் 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' என்று வரிசையாக விழுகிறதா? ஒரு ப்ராசஸ் ஒரே நேரத்தில் திறந்து வைக்கும் ஃபைல்களுக்கு லினக்ஸில் வரம்பு உண்டு, வழக்கமாக 1024. நெட்வொர்க் கனெக்‌ஷனும் இதே கணக்கில்தான் சேரும். பிராக்ஸியாக, அதாவது ரிக்வெஸ்டை இன்னொரு சர்வருக்குக் கடத்துவதாக ஓடினால் ஒரு ரிக்வெஸ்டுக்கே இரண்டு போய்விடும்.

இணையத்தில் தேடினால் லிமிட்ஸ் டாட் கான்ஃப் ஃபைலை மாற்றச் சொல்வார்கள். பலருக்கும் பொழுது வீணாவது இங்கேதான், எனக்கும் அப்படித்தான் போனது. அந்த ஃபைலைப் படிப்பது லாகினைக் கவனிக்கும் பாம் என்ற பகுதி, அதுவும் யாராவது லாகின் செய்யும்போது மட்டும். சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஒரு சர்வீஸைக் கிளப்பும்போது லாகினே நடப்பதில்லை. அதனால் எஸ்எஸ்எச்சில் நுழைந்து, வரம்பைக் காட்டும் யூலிமிட் கமாண்டில் பார்த்தால் புது எண் தெரியும், சர்வீஸோ பழைய 1024-லேயே ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, செய்ய வேண்டியது இது. சூடோவோடு 'சிஸ்டம்சிடிஎல் எடிட் என்ஜின்எக்ஸ்' கொடுங்கள். சர்வீஸின் அமைப்புகள் இருக்கும் மூல யூனிட் ஃபைலில் கை வைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். திறக்கும் எடிட்டரில் சதுர அடைப்புக்குள் சர்வீஸ் என்று ஒரு வரி, அதற்குக் கீழே லிமிட்நோஃபைல்=65536. லிமிட்டுக்குப் பின்னால் வருவது எல்லாமே கேப்பிடல் எழுத்து. மேலே இருக்கும் இரண்டு கமென்ட்டுகளுக்கு நடுவில்தான் எழுத வேண்டும், இரண்டாவதற்குக் கீழே எழுதினால் சேவ் ஆகாது. இன்ஃபினிட்டி என்று போடுவது எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் சில பழைய மென்பொருள்கள் கிளம்பும்போது வரம்பு வரைக்கும் ஒவ்வொரு ஃபைல் எண்ணாக மூடிப் பார்த்துத் திணறும்.

அப்புறம் ரீஸ்டார்ட். ரீலோட் போதாது, ப்ராசஸ் பிறக்கும்போதுதான் லிமிட் ஒட்டும். சர்வீஸின் பிஐடியை (ப்ராசஸ் எண்) எடுத்து, ப்ராக் ஃபோல்டரில் அந்த எண்ணுக்குள் இருக்கும் லிமிட்ஸ் ஃபைலைக் கேட் செய்து பாருங்கள். நான் நம்புவது அதை மட்டும்தான்.

மெமரிக்கும் அதே இடத்தில் மெமரிமேக்ஸ்=1ஜி எழுதலாம். தாண்டினால் கெர்னல் ப்ராசஸைக் கொன்றுவிடும், எனவே கொஞ்சம் குறைவாக மெமரிஹையும் சேர்த்து வையுங்கள், அது கொல்லாமல் வேகத்தை மட்டும் குறைக்கும். சிபியுகோட்டா=200% என்றால் இரண்டு கோர் அளவு.

பின்சேர்க்கை: சர்வீஸ்களை ஓட்டும் இன்னொரு கருவியான சூப்பர்வைசரைப் பயன்படுத்துகிறவர்கள் கேட்டிருந்தார்கள். அதன் கான்ஃபிக் ஃபைலில் சூப்பர்வைசர்டி பகுதியில், ஃபைல் வரம்புக்கான மின்எஃப்டிஎஸ் எண்ணைக் கூட்டுங்கள், அதன் இயல்பு மதிப்பும் 1024தான். ரீரீட், அப்டேட் கொடுத்தால் மாறாது, சூப்பர்வைசர்டியையே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். மெமரிக்கு வரம்பு வைக்க அதில் தனி வழி இல்லை, அதற்காகவே நான் சிஸ்டம்டி பக்கம் வந்துவிட்டேன்.