சிறிய நாயின் வயிற்றுக் கோளாறுக்குக் கீழை மருத்துவத்தை எப்படி முயல்வது

புதுச்சேரி லாசுப்பேட்டையில் எங்கள் வீட்டில் நான்கு கிலோ எடையுள்ள பொமரேனியன் ஒன்று வளர்கிறது. மாதத்துக்கு இரண்டு முறையாவது அதற்கு வயிறு இளகிவிடும். மாத்திரை கொடுத்தால் நிற்கும், சில நாளில் திரும்பவும் தொடங்கும். இப்படி அலைந்த பிறகுதான் சீன மரபுக் கால்நடை மருத்துவத்தையும் நம் மூலிகை மருத்துவத்தையும் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். அந்த முயற்சியில் கற்றவற்றை, அதே நிலையில் இருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எப்போது இந்த வழியை எண்ணவே கூடாது என்பது. மலத்தில் ரத்தம் இருந்தாலோ, வாந்தி நிற்காமல் தொடர்ந்தாலோ, வயிறு உப்பினாலோ, நாய் எழ மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டிக்குக் கழிச்சல் கண்டால் குட்டிகளுக்கு உயிராபத்தான குடல் நோயைத் தரும் பார்வோ நச்சுயிரியாக இருக்கலாம் என்பதால் ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்க வேண்டாம். வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு: ஈற்றை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். அப்படிச் சிவக்காமலோ, ஈறு உலர்ந்து பிசுபிசுவென்றோ இருந்தால் உடலில் நீர் வற்றியிருக்கலாம். சிறிய உடல் அதை வெகுநேரம் தாங்காது.

அவசரம் இல்லை என்றால் அடுத்த வேலை காரணத்தைத் தேடுவது. குடற்புழு, ஒட்டுண்ணி, கணைய அழற்சி, ஏதேனும் ஓர் உணவின் ஒவ்வாமை ஆகிய எல்லாமே வெளியில் ஒரே மாதிரியான கழிச்சலாகத்தான் தெரியும். குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்திலோ, உங்கள் மருத்துவரிடமோ புதிய மலத்தைச் சிறு டப்பாவில் கொண்டு சென்று பரிசோதியுங்கள். புழு இருக்கும் நாய்க்கு அக்குபங்சரின் (உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி வைக்கும் சீன முறை) எந்த ஊசிப் புள்ளியும் பயன் தராது.

இந்த இடத்தில் நம் ஊரில் பலரும் செய்யக்கூடிய ஒரு பிழையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த எங்கள் அண்டை வீட்டு அம்மா, மாட்டுக்குக் கழிச்சல் கண்டால் கொடுக்கும் மருந்தை அன்போடு சொன்னார்கள்: சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பெருங்காயம் சேர்த்து அரைத்து, பனைவெல்லம் கலந்து உருட்டித் தருவது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இத்தகைய மரபு மருந்துகளை மாடு வளர்ப்போரிடம் கொண்டு சேர்த்திருக்கிறது. மாட்டுக்கு அது பொருந்தலாம். ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே கேடு விளைவிக்கப் போதும். நான்கு கிலோ நாய்க்கு அது ஒரு கைப்பிடிதான், சிறிது சிறிதாகப் பல நாள் கொடுத்தாலும் தீங்கு சேர்ந்துகொண்டே போகும். மனிதருக்கான சித்த மருந்துகளான பற்பம், செந்தூரம் ஆகியவற்றில் உலோகங்கள் இருக்கலாம் என்பதால் அவற்றையும் கொடுக்க வேண்டாம். திரிபலா மலமிளக்கி என்பதால் கழிச்சலுக்கு நேர் எதிரானது.

சிகிச்சை அளிப்பவர் பதிவு பெற்ற கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும். இந்தியக் கால்நடை மருத்துவக் குழுச் சட்டம், 1984, பதிவு பெற்றவர்களுக்கே கால்நடை மருத்துவத் தொழிலை அனுமதிக்கிறது. மனிதருக்கு அக்குபங்சர் செய்வோர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் நாயின் உடலை அறிந்தவர் ஆகமாட்டார். எங்கே பயின்றீர்கள், எத்தனை நாய்களுக்குச் செய்திருக்கிறீர்கள், எத்தனை முறைக்குப் பின் பலன் இல்லையென்றால் நிறுத்துவீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். மூலிகைத் தூள் தந்தால் அதில் உள்ள பொருள்களின் பெயர்களை எழுதி வாங்குங்கள். நடப்பில் உள்ள மாத்திரைகளையும் சொல்லிவிடுங்கள்.

செரிமானத்துக்குச் சீன மருத்துவம் பெரிதும் நம்பும் புள்ளி, பின்னங்காலின் வெளிப்புறத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. மருத்துவர் அங்கே மெல்லிய ஊசி வைப்பார். வீட்டில் நீங்கள் விரல் நுனியால் ஒரு நிமிடம் மெதுவாகச் சுழற்றி அழுத்தலாம். நாய் காலை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். நாயின் கழிச்சலை ஊசி குணமாக்கும் என்பதற்கு வலுவான ஆய்வுச் சான்று இல்லை; ஆகவே அதைத் துணையாக மட்டுமே நான் கருதுகிறேன்.

என் அனுபவத்தில் இந்த மருத்துவத்தின் மதிப்பு மிக்க பகுதி உணவுதான். உணவைச் சூடு, குளிர்ச்சி என்று பிரிப்பதை நம் பாட்டிமார் அடுக்களையிலேயே கேட்டிருக்கிறோம். சீன மருத்துவமும் கோழியைச் சூடு என்றே வகைப்படுத்துகிறது. துர்நாற்றமும் சளியும் உள்ள கழிச்சலுக்குக் குளிர்ச்சியானதையும், நாற்றமில்லாமல் நீராகப் போய் நாய் சோர்ந்திருந்தால் சூடானதையும் அது பரிந்துரைக்கும். எந்த வகையானாலும் தொடக்கத்தில் குழைய வேகவைத்த சோறு இரண்டு பங்கு, தோலும் எலும்பும் கொழுப்பும் நீக்கி உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஒரு பங்கு, வெந்த பரங்கிக்காய் மசியல் ஒரு தேக்கரண்டி எனக் கலந்து, நாளுக்கு நான்கைந்து சிறு வேளைகளாகக் கொடுக்கலாம். கோழியே ஒவ்வாத நாய்க்கு முள் நீக்கிய வெள்ளை மீன் உதவும். சிறு குட்டிகளைப் பட்டினி போடக்கூடாது. ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். இரண்டு மூன்று நாளில் மலம் உருண்டு வந்ததும் வழக்கமான உணவைச் சிறிது சிறிதாகக் கலந்து ஐந்து நாளில் மாறுங்கள். சோறும் கோழியும் மட்டும் நெடுநாள் கொடுத்தால் சத்துக் குறையும்.

ஒரே நேரத்தில் ஊசி, தூள், உணவு மூன்றையும் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள், எது உதவியது என்று அப்போதுதான் தெரியும். தின்றது, மலத்தின் தன்மை, வாந்தி ஆகியவற்றை நாள்தோறும் எழுதுங்கள். வாரம் ஒருமுறை, கடற்கரை நடைக்குப் போகும் வழியில் காய்கறிக் கடைத் தராசில் கூடையோடு வைத்து எடை பாருங்கள். நான்கு கிலோ நாய் 400 கிராம் இழந்தால் உடலில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அப்படிக் குறைந்தாலோ, மூன்று வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டாலோ, அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கணையத்துக்கான ரத்தப் பரிசோதனையையும் வயிற்று ஸ்கேனையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.