‘ஓடிப்போயிருக்கும்’ என்ற சொல்: பிள்ளை காணாமல் போகும்போது நடக்கும் தவறுகள்

2006 டிசம்பர் 29. டெல்லியை ஒட்டிய நொய்டாவில், 31ஆம் செக்டாரில் டி-5 என்ற எண்ணுள்ள பங்களாவுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையிலிருந்து மண்டை ஓடுகளும் எலும்புகளும் வெளியே வந்தன. பக்கத்திலேயே நிதாரி கிராமம். அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு வருடமாகப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். பெற்றோரில் பெரும்பாலோர் பிழைப்பு தேடி வெளியூர்களிலிருந்து வந்து, கிடைத்த கூலி வேலையைச் செய்து வாழ்ந்தவர்கள். அவர்கள் போலீஸிடம் போகாமல் இல்லை. போனார்கள், திரும்பத் திரும்பப் போனார்கள். பலருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: எங்காவது ஓடிப்போயிருக்கும், தானாக வந்துவிடும்.

அந்தச் சொல்லைத்தான் நான் முதல் தவறாகப் பார்க்கிறேன். தேடுவதற்கு முன்பே சொல்லப்படும் முடிவு அது. போலீஸ்காரர் மட்டும் அதைச் சொல்வதில்லை. அக்கம்பக்கம் சொல்கிறது, சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், சில வீடுகளில் அப்பாவே சொல்கிறார். சொன்ன நிமிடத்திலிருந்து எல்லோருடைய காலும் மெதுவாகிவிடுகிறது. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு சொல்லிலிருந்து முளைப்பவை.

ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது

24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை எங்கே இருக்கிறது என்று பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ தெரியவில்லை என்றாலே அது காணாமல் போன குழந்தைதான். டியூஷன் விட்டு ஏழு மணிக்கு வர வேண்டிய பிள்ளை எட்டரைக்கும் வரவில்லை, தோழிகள் வீட்டிலும் இல்லை என்றால், அப்போதே கிளம்பலாம். அவசர உதவிக்கான 112, குழந்தைகள் உதவிக்கான 1098 இரண்டும் இரவு பகல் எந்நேரமும் எடுக்கப்படும் எண்கள். ரயிலில் தொலைந்திருந்தால் 139.

பெண் பிள்ளை என்றால் தாமதம் இன்னும் நீளும். ‘ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு யார் கட்டுவாங்க’ என்ற பயம். விடியும் வரை அண்ணன் தம்பிகள் மட்டும் பைக்கில் சுற்றுவார்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு முறை இப்படி நடந்தது. மாலை ஆறு மணிக்குக் காணாமல் போன பெண்ணுக்கு மறுநாள் பதினொரு மணிக்குத்தான் புகார் எழுதினோம். ஸ்டேஷனில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, “பொண்ணு போன்ல யார்கூடப் பேசும்?” அந்த அம்மா தலை குனிந்து நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. நல்லவேளை, அந்தப் பெண் கிடைத்துவிட்டாள். ஆனால் அந்தப் பதினேழு மணி நேரத்தை நாங்களே வீணாக்கினோம் என்பதையும் நான் மறக்கவில்லை.

சி.எஸ்.ஆர். ரசீதோடு வீட்டுக்குத் திரும்புவது

இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். புகாரை வாங்கிக்கொண்டு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். கையில் சீல் போட்ட தாள் வந்ததும் வேலை முடிந்த நிம்மதி வந்துவிடும். மனு வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான் அந்தத் தாள். விசாரணை முறைப்படி தொடங்க எஃப்.ஐ.ஆர். வேண்டும்.

2013 மே மாதம், பச்பன் பச்சாவோ ஆந்தோலன் என்ற குழந்தைகள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. குழந்தை காணவில்லை என்று புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். வேறு காரணம் என்று விசாரணையில் தெரியாதவரை, அந்தக் குழந்தை கடத்தப்பட்டதாகவோ விற்கப்பட்டதாகவோ கருதித்தான் தேட வேண்டும். அதாவது, ‘ஓடிப்போயிருக்கும்’ என்ற அனுமானத்தைச் சட்டம் தலைகீழாகத் திருப்பிவிட்டது. தானாகப் போனது என்றால் அதை விசாரித்து நிரூபிக்க வேண்டியது போலீஸின் பொறுப்பு. அதே ஆண்டு நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வாரன்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்றது.

நடைமுறையில் நம் பக்கம் ‘கேர்ள் மிஸ்ஸிங்’, ‘பாய் மிஸ்ஸிங்’ என்று மட்டும் எழுதி, எந்தக் குற்றப் பிரிவும் போடாமல் எஃப்.ஐ.ஆர். பதிவதும் உண்டு. பிள்ளை 18 வயதுக்குக் கீழ் என்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆவது பிரிவு, அதாவது ஆள்கடத்தல், அதில் இருக்க வேண்டும் என்று பணிவாகவே கேளுங்கள். ‘இது எங்க லிமிட் இல்ல’ என்று அனுப்பப் பார்த்தால், எல்லை எதுவானாலும் பதிந்துவிட்டு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். அப்புறம் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு என்ற வழியும் இருக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேட்கலாம். குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு.

இன்னொன்று. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டம். போனவுடன் அந்தப் பதவியின் பெயரைச் சொல்லி, அவர் யார் என்று கேளுங்கள்.

வீட்டில் நடந்ததை மறைப்பது

முதல் நாள் அடித்தோம், மார்க் குறைந்ததற்குத் திட்டினோம், செல்போனைப் பிடுங்கினோம், மாமா ஒருவரைப் பார்த்தாலே பிள்ளை ஒதுங்கியது. இதையெல்லாம் சொன்னால் நம்மைத் தப்பாக நினைப்பார்கள் என்று குடும்பங்கள் விழுங்கிவிடுகின்றன. தேடுகிறவருக்கு வேண்டிய முதல் நூலிழையே அதுதான். மாமாவோ சித்தப்பாவோ வீட்டு ஓனரோ, சந்தேகம் இருந்தால் மூத்தவர்கள் முகம் சுளித்தாலும் சொல்லிவிடுங்கள்.

அதைக் கேட்கிற அதிகாரிகளுக்கும் ஒரு தவறு காத்திருக்கிறது. ‘வீட்டில் சண்டை’ என்று கேட்டவுடன், சரி, கோபத்தில் போயிருக்கிறது என்று பேனாவை மூடிவிடுவது. கோபத்தில் வீட்டை விட்டுப் போன பிள்ளைதான் பஸ் ஸ்டாண்டில் முதலில் பேசுகிறவன் கையில் மாட்டுகிறது. தானாகக் கிளம்பியது என்பதால் ஆபத்து குறைந்துவிடுவதில்லை.

தடயம் கைநழுவுவது

கடைகளிலும் வீடுகளிலும் இருக்கும் கேமராப் பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்து, அதன் மேல் புதியது பதிவாகிவிடும். எந்தெந்த முனையில் கேமரா இருக்கிறது என்று முதல் நாளே பட்டியல் எடுத்து, அதைப் புகாரோடு எழுத்தில் கொடுங்கள். கடைக்காரரிடம் அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் போனையோ டேப்லெட்டையோ நீங்களே நோண்டி, தப்பான பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடாதீர்கள். பிள்ளையின் அறையைக் கூட்டிப் பெருக்காதீர்கள். சீப்பு, பல் துலக்கும் பிரஷ், துவைக்காத துணி, இவற்றை அப்படியே வையுங்கள். இதை எழுதவே மனம் கூசுகிறது. ஆனாலும் ஒருவேளை டி.என்.ஏ. ஒப்பீடு தேவைப்பட்டால் அவைதான் உதவும்.

கேமரா இருந்தது என்பது மட்டும் போதாது. 2017 பிப்ரவரியில் சென்னை முகலிவாக்கத்தில் ஏழு வயதுக் குழந்தை ஒன்று கொல்லப்பட்டது நினைவிருக்கும். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தூக்குத் தண்டனை சொன்ன அந்த வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவரை விடுதலை செய்தது. எல்லோரும் பேசிய கேமராப் பதிவை அரசுத் தரப்பு முறையாகச் சாட்சியமாக்கவே இல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எட்டு வருடம் கழித்து அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் கிடைத்தது?

வாட்ஸ்அப்பில் ஊரைக் கூட்டுவது

படத்தைப் பகிர்வதில் தவறில்லை, உதவவும் செய்யும். எப்படிப் பகிர்கிறோம் என்பதில்தான் பிழை. தேதி இருக்காது, எந்த ஸ்டேஷன் என்று இருக்காது, குடும்பத்தின் சொந்த எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்கு ‘பிள்ளை என்கிட்டதான் இருக்கு, பணம் அனுப்பு’ என்று ஏமாற்றுக்காரர்கள் பேசுவார்கள். ஸ்டேஷன் பெயரும் எண்ணும் எஃப்.ஐ.ஆர். தேதியும் போட்டு அனுப்புங்கள். பிள்ளை கிடைத்ததும் ‘கிடைத்துவிட்டது, படத்தை அழித்துவிடுங்கள்’ என்று அதே குழுக்களில் அவசியம் போடுங்கள். பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால் பெயர், படம், பள்ளி, தெரு எதுவும் வெளியே வரக்கூடாது. போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. இறந்துபோன குழந்தைக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. 2018இல், ஜம்மு பகுதியில் உள்ள கதுவாவில் பாலியல் கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்ட குழந்தையின் பெயரையும் படத்தையும் போட்ட ஊடக நிறுவனங்களை டெல்லி உயர் நீதிமன்றம் தலா 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது.

ஊரெல்லாம் பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிகிறார்கள் என்ற வதந்தி வேறு வகை. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு உறவினரோடு காரில் வந்த 65 வயது மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து ஊர்மக்கள் அடித்ததில் அவர் இறந்துபோனார். அந்த நாட்களில் சுற்றிய ஆடியோக்களையும் வீடியோக்களையும் நம்மில் எத்தனை பேர் ஃபார்வர்டு செய்தோம்? அந்நியரைப் பார்த்துப் பயப்படும் ஊர், பிள்ளைக்குத் தெரிந்தவர்களைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது.

அவசரமாக ஒருவரைக் குற்றவாளியாக்குவது

நிதாரிக்குத் திரும்புவோம். அதன் முடிவு பலருக்குத் தெரியாது.

பங்களா உரிமையாளரும் அங்கே வேலை செய்த ஏழை இளைஞரும் கைதானார்கள். டி.வி.யில் மாதக்கணக்கில் அவர்கள் முகம்தான். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2009இலிருந்து தூக்குத் தண்டனைகள் வந்தன. பிறகு 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், வேலையாளைப் பன்னிரண்டு வழக்குகளிலும் உரிமையாளரை இரண்டு வழக்குகளிலும் விடுவித்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மிச்சமிருந்த ஒரே வழக்கிலும் நவம்பரில் அந்த வேலையாள் விடுதலையானார். 19 வருடம் ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைகளைக் கொன்றது யார் என்பதற்குச் சட்டப்படி இன்று பதில் இல்லை.

காரணங்களைப் படித்தால் வயிறு எரிகிறது. அறுபது நாள் போலீஸ் காவலில் வைத்துவிட்டு, சரியான சட்ட உதவியும் தராமல் வாங்கிய வாக்குமூலம். அவர் காட்டித்தான் எலும்பு கிடைத்தது என்றார்கள். ஆனால் காட்டுவதாகச் சொன்ன வாக்குமூலம் முறைப்படி பதிவாகவில்லை. யார் வேண்டுமானாலும் போய்வரக்கூடிய இடம் அது. தோண்டும் முன் அந்த இடத்தைக் கயிறு கட்டிப் பாதுகாக்கவும் இல்லை. உறுப்பு வியாபாரக் கோணத்தை விசாரியுங்கள் என்று மத்திய அரசின் குழு ஒன்று சொன்னதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஏழை வேலைக்காரரைக் குற்றவாளியாக்கும் சுலபமான வழியைப் புலனாய்வு தேர்ந்துகொண்டது என்று உயர் நீதிமன்றமே எழுதியது.

ஆரம்பத்தில் ஏழைகளின் புகாரைப் பதியாத அலட்சியமும், முடிவில் ஓர் ஏழையின் வாக்குமூலத்தோடு வேலையை முடித்துக்கொண்ட அவசரமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்று நினைக்கிறேன். இரண்டிலும் விசாரிக்கும் முன்பே பதில் தயாராக இருந்தது. அதனால் குழந்தை கொல்லப்பட்ட வழக்குகளில் ‘உடனே தூக்கில் போடு’, ‘என்கவுன்டர் பண்ணு’ என்று நாம் கத்துவது அந்தக் குழந்தைக்கு உதவாது. இடத்தைப் பாதுகாத்தார்களா, ஆய்வகத்துக்கு அனுப்பினார்களா, குற்றப்பத்திரிகை எப்போது என்று கேட்பது உதவும். சந்தேகமான இடம் என்று தெரிந்தால் கூட்டமாக இறங்கித் தோண்டாதீர்கள். போலீஸ் வரும் வரை யாரையும் உள்ளே விடாமல் காவல் நில்லுங்கள்.

கிடைத்துவிட்டது, அல்லது கிடைக்கவில்லை, என்று கோப்பை மூடுவது

பிள்ளை கிடைத்தால் ஸ்டேஷனிலேயே கையெழுத்து வாங்கிக் கூட்டிப்போகச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்குத் திட்டுவார்கள். மீட்கப்பட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் ஆஜர்படுத்தச் சட்டம் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்தக் கொடுமைக்குப் பயந்து கிளம்பியதோ அதே வீட்டுக்கு அது திரும்பிவிடக்கூடாது. எங்கே இருந்தாய், யார் சோறு போட்டார்கள், யார் தொட்டார்கள் என்பதைப் பிள்ளை பயமில்லாமல் சொல்ல ஓர் இடம் வேண்டும். போக்சோ வழக்கென்றால் சீருடை இல்லாத அதிகாரி, பிள்ளையின் வீட்டுக்கோ அது விரும்பும் இடத்துக்கோ வந்துதான் வாக்குமூலம் எழுத வேண்டும்.

கிடைக்காவிட்டால், நான்கு மாதம் கழித்து வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்தப் பிரிவு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். இது தெரியாததால்தான் பல பெற்றோர் அதே ஸ்டேஷன் பெஞ்சில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான்கு மாத நாளைக் காலண்டரில் குறித்து வைத்து, மாற்றிவிட்டீர்களா என்று எழுதிக் கேளுங்கள். இன்ஸ்பெக்டர் மாறும்போதெல்லாம் புதியவரிடம் எஃப்.ஐ.ஆர். நகலோடு போய் நில்லுங்கள். அடையாளம் தெரியாத உடல்களோடு ஒப்பிட உங்கள் ரத்த மாதிரியை எடுத்தார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

வீடு மாறினால் பழைய வீட்டுக்காரரிடமும் எதிர்க் கடையிலும் புது முகவரி கொடுத்துவிட்டுப் போங்கள். போன் எண்ணை மட்டும் மாற்ற வேண்டாம். பல மாதம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றுதான்.