நெடுந்தூர ரோடு பைக் (சைக்கிள்): வாங்கும் முன் அளக்க வேண்டியவை

பெயின்ட்டைப் பார்க்கும் முன் ஃபிரேமின் அளவு அட்டவணையைப் பாருங்கள். ஸ்டாக்கை (பெடல் தண்டுகள் சுழலும் அச்சிலிருந்து ஃபிரேமின் முன்குழாய் உச்சி வரை உள்ள உயரம்) ரீச்சால் (அதே இரண்டுக்கும் இடையே உள்ள கிடைமட்டத் தூரம்) வகுத்தால் 1.5-க்குக் குறையக் கூடாது, 570 மி.மீ. ஸ்டாக், 375 மி.மீ. ரீச் என்றால் 1.52, நல்ல கணக்கு. 1.4 என்றால் அது பந்தய வண்டி. சில மணி நேரத்தில் கழுத்து வலிக்கும், உள்ளங்கை மரத்துப்போகும். நீளமான ஃபிரேமை வாங்கிவிட்டுக் குட்டை ஸ்டெம்மால் (ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டு) சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். 10 மி.மீ. குறைக்கலாம், அதற்கு மேல் போகப் போக ஹேண்டில்பார் அலைபாயலாம்.

சொகுசின் பெரும்பங்கு டயரில்தான். 32 மி.மீ. டயர் நுழையாத ஃபிரேம் வேண்டவே வேண்டாம். 70 கிலோ எடைக்கு அந்த டயரில் 55–60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போதும். 90 அடித்தால் கரடான சாலையில் வண்டி துள்ளும், வேகமும் குறையும்.

மலையேற, செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னே சின்னதில் 34 பல், பின்னே பெரியதில் 34 இருக்கட்டும்.